பிரிப்பதற்கு முன் சட்டகத்தைப் பார்: ஒரு பழைய ஃபார்முலா ஜூனியர் கார் பற்றி

அன்புள்ள தம்பி,

1960-ஐச் சேர்ந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கைக்கு வந்திருக்கிறது, எஞ்சின் இல்லை, புதுப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். எஞ்சின் கவலையைக் கடைசியில் வைத்துக்கொள். உன் கார் ஃபார்முலா ஜூனியர் என்ற அக்காலப் பந்தய வகுப்பைச் சேர்ந்தது. அதன் விதிப்படி எஞ்சின் பிளாக்கும் கியர்பாக்ஸ் கூடும் சாலைக் காரிலிருந்தே வர வேண்டியிருந்தது. உன் காரில் இருந்த ஃபோர்டு 105ஈ எஞ்சின், ஆங்கிலியா என்ற சாலைக் காருக்காக லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டது. தேடினால் அகப்படும். ஆனால் காரின் எலும்புக்கூடான அந்தக் குழாய்ச் சட்டகம் இன்னொன்று அகப்படாது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போதைக்கு எதையும் கழற்றாதே, கழுவாதே. ஒவ்வொரு இணைப்பையும் பிராக்கெட்டையும் துளையையும் அளவுகோலோடு படம் எடு. சட்டக எண் பொறித்த தகட்டை மட்டும் நம்பாதே. ரிவெட் அடித்த தகடு ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறும். மறைவான இடத்தில் ஒரு நாணயம் அளவுக்கு மென்மையான நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தால் பழைய வண்ணங்கள் வளையம் வளையமாகத் தெரியும். அவை அக்காலப் பந்தயப் படங்களோடு பொருந்தினால் அதைவிடப் பெரிய சான்று அபூர்வம்.

வண்ணத்தை நீக்க மணல் வீச்சுக்குக் (சேண்ட் பிளாஸ்டிங்) கொடுத்தால் அந்தச் சான்று ஒரே நாளில் போய்விடும். இன்னொரு கெடுதலும் உண்டு: மணல் பட்டு விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், பிறகு சிவப்புச் சாயத்தை விரிசலுக்குள் ஊறவைத்துக் கண்டுபிடிக்கும் சாயச் சோதனையில் அது தெரியாமல் போகலாம். வண்ணத்தை நீக்கியே ஆக வேண்டிய இடத்தில் ரசாயன நீக்கி போதும்.

அடுத்தது குழாய்களின் தடிமன். அக்காலச் சட்டகங்களில் 16, 18 கேஜ் குழாய்கள்தான் பெரும்பாலும். அதாவது சுமார் 1.6, 1.2 மி.மீ. பின்பக்க எஞ்சின் கார்கள் சிலவற்றில் ரேடியேட்டர் தண்ணீர் சட்டகக் குழாய்க்குள்ளேயே ஓடியது. வெளியே பளபளப்பாக இருக்கும் குழாய் உள்ளே துருவால் தேய்ந்திருக்கும். ஒலியலையால் தடிமன் காட்டும் அல்ட்ராசோனிக் அளவியால் ஒவ்வொரு குழாயையும் மூன்று இடத்தில் அள. தாழ்ந்த மூலைகளைத் தவறவிடாதே. கால் பங்கு தேய்ந்த குழாயை மாற்றியே தீர வேண்டும் என்பது என் கணக்கு.

இணைப்புகள் பித்தளை வெல்டிங்காக இருந்தால் விரிசல் பெரும்பாலும் பித்தளையில் வராது, அதை ஒட்டிய குழாயில் வரும். அதன் மேல் ஆர்க் வெல்டிங் போட விடாதே. உருகிய பித்தளை எஃகுக்குள் இறங்கி அதை நொறுங்கச் செய்யும். பழைய பித்தளையை முழுதும் நீக்கி, மீண்டும் பித்தளையாலேயே இணைக்க வேண்டும். வெட்டி எடுத்த துண்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. கழித்துப் போட்ட சட்டகம் சில ஆண்டுகளில் இன்னொரு காராகி, அதே எண்ணுக்கு உரிமை கேட்டு வருவது இந்த உலகில் நடப்பதுதான்.

மெக்னீசியம் வார்ப்புச் சக்கரங்களையும், சக்கரத்தைத் தாங்கும் துண்டுகளான அப்ரைட்களையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். எஃகு போல்ட் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் அரிப்பு உள்ளே போய்விட்டது என்று பொருள். சாயச் சோதனையில் தேறினாலும் ஓட்டுவதற்குப் புதியதைப் போடு, பழையதைப் பத்திரப்படுத்து. அந்த உலோகத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, தீ இன்னும் மூளும். காய்ந்த மணலைக் கொட்டு.

எஞ்சினுக்கு ஒரே எச்சரிக்கை. 997 சி.சி.யை 1098 ஆக்க, சிலிண்டர் துளையின் விட்டம் 80.96 மி.மீ.லிருந்து 85-க்குப் போகிறது. சுவர் இரு பக்கமும் 2 மி.மீ. மெலிகிறது. வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் அச்சு சற்று விலகியிருந்தாலும் ஒரு பக்கம் காகிதமாகிவிடும். பிளாக்கை வாங்கும் முன்பே சுவரை அளந்து பார்.

பழைய கார்களுக்கான சர்வதேசப் பந்தயங்களில் ஓட்ட, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும். கார் அக்காலத் தொழில்நுட்ப விவரத்தோடு ஒத்துப்போகிறது என்று மட்டுமே அது சொல்லும்; அசல் கார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

என் எண்ணம் இது. குழாய்களில் பெரும்பகுதி நன்றாக இருந்து வண்ண அடுக்குகளும் பொருந்தினால், பழைய மேற்பூச்சைத் தொடாமல், ஸ்டீயரிங், பிரேக் குழாய்கள், சக்கரங்கள், அப்ரைட்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றி ஓட வை. பாதிக்குமேல் மாற்ற வேண்டி வந்தால் அந்தச் சட்டகத்தை வெட்டாதே. அதை அப்படியே காப்பாற்றுவதுதான் நியாயம். ஓட்ட ஆசையிருந்தால் நகல் ஒன்று செய்து, நகல் என்றே சொல்லிக்கொள்.

தடிமன் அளவுகளை எழுதிய தாளை அனுப்பு, கீழ்க் குழாய்களை முதலில்.

அன்புடன்,
அண்ணன்