மாடி போர்ஷன் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

மாடி போர்ஷனை யாருக்கு விடப்போகிறோம் என்று போனில் அரைகுறையாகச் சொன்னதற்கே நீ பதறிப்போனாய். "வம்பை விலைக்கு வாங்காதீங்கப்பா" என்று வைத்துவிட்டாய். போனில் உன்னோடு வாதாட எனக்கு வராது. கோர்ட்டில் முப்பது வருஷம் பிறர் வாதத்தை எழுதியவனுக்கு எழுதத்தான் வரும். மாடி கட்ட நீதான் லோன் போட்டாய், அதனால் உன்னைக் கேட்காமல் விட மாட்டேன். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்.

ரிட்டையர் ஆனதும் பெண்களுக்கான ஒரு சின்ன அமைப்புக்கு மனு எழுதிக்கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். சென்னையில் 2001லேயே தொடங்கிய, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பி.சி.வி.சி. அமைப்பு மாதிரி பெரியது இல்லை. அவர்கள் போன் உதவி, தங்குமிடம் எல்லாம் வைத்திருப்பதோடு, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் தீக்காயப்பட்ட பெண்களோடும் வேலை செய்கிறார்கள். இது நாலைந்து பேர் நடத்துவது. பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைத்த பெண்ணை அடுத்து எங்கே கூட்டிப்போவது, ஸ்டேஷனில் யார் கூட உட்காருவது, பிள்ளையை நடுவருஷத்தில் பள்ளியில் எப்படிச் சேர்ப்பது, இதெல்லாம்தான் அவர்கள் பாடு.

நாம் விடப்போகிற பெண் அங்கே வந்தவள். பெயர் வேண்டாம், நீயும் கேட்காதே. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பெண் குழந்தை கூட இருக்கிறாள். பதிமூன்று வயதுப் பையன் அவளோடு இல்லை. காப்பகங்களில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் ஆண் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள், மற்றப் பெண்களும் தங்கும் இடம் என்பதால். அரசு நடத்தும் உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டரிலும் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்து வழிகாட்டுதலே இருக்கிறது. அதனால் பையன் பாட்டி வீட்டில் இருக்கிறான். அடிக்குப் பயந்து மூன்று பேரும் சேர்ந்து ஓடிவந்தார்கள், வந்த இடத்தில் பிரித்துவிட்டோம். அவனைத் திரும்பக் கூட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு வீடு வேண்டும்.

அவளோடு ஒரு வீடு பார்க்க நானும் போனேன். குரோம்பேட்டைக்குள்ளேதான், நல்ல மனிதர்கள். அந்த அம்மா உட்காரவைத்துக் காபி கொடுத்தார். குழாயில் எப்போது தண்ணீர் வரும், ஈபி ரீடிங் எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு, "சார் எங்கே வேலை பார்க்கிறார்?" என்றார். இவள் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நாங்க மூணு பேர்தான் மேடம்" என்றாள். அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டே, "தப்பா நினைச்சுக்காதீங்க, குடும்பத்துக்குத்தான் விடறோம்" என்றார். தெருவுக்கு வந்ததும் இவள் என்னைப் பார்த்து, "காபி நல்லா இருந்துச்சு சார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கணவன் வீட்டிலேயே இருக்கச் சட்டம் இருக்கே" என்று நீ கேட்பாய். இருக்கிறது. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்க உரிமை கொடுக்கிறது. மாமனார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் அது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் 2006ல் இதற்கு மாறாக வந்த தீர்ப்பை வைத்துக்கொண்டு மாமியார் வீட்டார் எத்தனை பேரை வெளியே தள்ளினார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த வழக்குக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் நான். சரி, உரிமை வந்தாயிற்று. ஆனால் அதே சமையலறையில், அதே ஆள் பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது, கோர்ட் ஆர்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எவளால் தூங்க முடியும்? அதனால்தான் 19ஆவது பிரிவில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லாவிட்டால் வாடகை கொடு என்று கணவனுக்கு உத்தரவு போடவும் வழி வைத்திருக்கிறார்கள். நான் அவளுக்கு எழுதிக்கொடுத்தது அந்த மனுதான். அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை எப்படி என்று நம் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

அட்வான்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வாங்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று ஒரு சந்தும் விட்டுவைத்தார்கள், அந்தச் சந்தில் ஊரே நுழைந்து போகிறது. கையில் ஒரு பையோடு வெளியே வந்தவள் பத்து மாத அட்வான்ஸுக்கு எங்கே போவாள்? அமைப்பு அதைக் கடனாகத் தருகிறது, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். வேலைக்கும் வழி செய்து, ஆதாரில் முகவரி மாற்றவும் கூடவே அலைகிறார்கள். ரேஷன் கார்டு கணவன் வசம் இருக்கிறது. அதில் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கவும் ஒரு முகவரி வேண்டும். எல்லாம் வீட்டில் வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் மனசை மாற்ற மட்டும் அவர்களிடம் எந்த நிதியும் இல்லை.

இப்போது உன் பயம். அவன் குடித்துவிட்டு வாசலில் வந்து கத்துவானே என்றாய். வரலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். பாதுகாப்பு உத்தரவு கையில் இருக்கிறது. அதை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் விட முடியாத குற்றம். நகலை ஸ்டேஷனிலும் கொடுத்தாயிற்று. கேட்டுக்குப் பூட்டு மாற்றுகிறேன். மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்து போவதால் எங்களைத் தாண்டித்தான் யாரும் மேலே போக முடியும். அந்தப் படியை வெளியே வைக்கச் சொல்லி நீ சண்டை போட்டாயே, நல்ல வேளை நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் யோசி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, கல்யாணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் தெருவில் "குடும்பத்துக்கு" விட்ட வீடுகள் எத்தனை இருக்கின்றன, கணக்குப் போட்டுப் பார். கீழ்க்கோடி வீட்டில் ராத்திரி என்ன சத்தம் வருகிறது என்று அம்மாவிடம் கேள். அங்கே வாடகைக்கு விட்டவர் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அம்மாவின் யோசனை வேறு. பையன் பன்னிரண்டாவது முடிக்கும் வரை வாடகையை ஏற்றக் கூடாது என்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஊர் வழக்கப்படி கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெண்ணே சங்கடப்படுவாள். ஒன்பதாயிரம் வாடகை, மூன்று மாத அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம், முறைப்படி பதிவு. தண்ணீருக்குத் தனியாக ஒன்றும் வாங்கப்போவதில்லை. உன் அறையில் இருக்கிற புத்தகங்களைக் கீழே இறக்கிவிடுகிறேன். எது வேண்டாம் என்று ஒரு பட்டியல் அனுப்பு, இன்ஜினியரிங் கைடுகளை எடைக்குப் போடலாமா என்றும் சொல்.

உன் பதில் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன். பள்ளி திறப்பதற்குள் பையனைச் சேர்க்க வேண்டும், அதனால் இந்த வாரத்துக்குள் எழுது. வேண்டாம் என்று சொல்வதானால் காரணத்தையும் சொல். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதைத் தவிர வேறு காரணமாக இருந்தால் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அப்பா