பழுதுபார்க்கக் கொடுத்த படகுத் துணி பாழாகித் திரும்பி வந்தது பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: பிமினி டாப், படகுக் கவர் இரண்டிலும் நடந்த தவறான பழுது வேலை, அதன் பிறகு ஐந்து மாத அலைச்சல்

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்கள் நிறுவனத்துக்கு எழுதும் ஏழாவது கடிதம். முந்தைய ஆறில் கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதில். அதனால் இந்த முறை நேரே உங்களுக்கு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் கொடுத்தது இரண்டு துணிகள். மூன்று வளைவுச் சட்டத்தில் நிற்கும் பிமினி டாப், அதாவது படகுக்கு நிழல் தரும் துணிக் கூரை, அதோடு ஜிப்பில் சேரும், கண்ணாடி போல் தெரியும் வினைல் பிளாஸ்டிக்கில் செய்த முன் ஜன்னல் திரை. இன்னொன்று படகை முழுதாக மூடும் கவர். எல்லாமே நீங்கள் தைத்துக் கொடுத்தவை, ஒன்பது வருடம் உழைத்தவை. இழை எடுக்கும்போதே நிறம் சேர்த்த அக்ரிலிக் என்பதால் பச்சை இன்னும் பச்சையாகவே இருக்கிறது. விரலால் இழுத்துப் பார்த்தாலும் துணி கிழியாது. போனது தையல்தான். துணிக்கு முன்னால் நூல் வெயிலில் செத்துவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா இணைப்பையும் மறுபடி தைக்க வேண்டும், பல் உதிர்ந்த ஜிப்பை மாற்ற வேண்டும், கவரில் முன் கண்ணாடியின் மூலை உரசிக் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். உங்கள் ஆள் எழுதிக்கொண்டார், முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த பெட்டியைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது ஜன்னல் திரை. நான் அதை உருளையாகச் சுருட்டி, நடுவில் மெல்லிய துணி வைத்துக் கொடுத்தேன். நீங்கள் அதைப் போர்வை மாதிரி நாலாக மடித்து அனுப்பியிருந்தீர்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. இரண்டு வாரத்தில் அந்தக் கோடு விரிசலாகிவிட்டது. போதாததற்கு யாரோ வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்திருக்கிறார்கள், அந்த வாசனை பெட்டியிலேயே வந்தது. அம்மோனியா பட்டால் இந்த வினைல் மங்கிப்போகும் என்று உங்கள் பராமரிப்புக் குறிப்பிலேயே இருக்கிறதே? பழுது பார்க்கச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துப் பாழாக்கித் தந்திருக்கிறீர்கள்.

இனி தையல். முதல் வாரம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாத வெயிலுக்குப் பிறகு வளைவுக் குழாய் நுழையும் உறையின் ஓரத்தில் நகத்தால் நெருடிப் பார்த்தேன். காய்ந்த புல் மாதிரி நூல் அறுந்தது. ஒன்பது வருடத் துணிக்கு மூன்று மாத நூல்! புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலியஸ்டர் நூலா, அதைவிட நீடிக்கும் பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூலா என்று தொடக்கத்திலேயே கேட்டேன். "வெளிப்புற நூல்தான் சார், கவலைப்படாதீங்க" என்றார்கள். வெளியில் தையல் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். சாதாரண நைலான், சோபா தைக்கிற நூல் என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார்.

இதைச் சொல்லத்தான் உங்கள் உத்தரவாதப் பிரிவுக்குப் போன் செய்தேன். அன்று பேசியவரை என்னால் மறக்க முடியவில்லை. நான் நூலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் குறுக்கிட்டு, "படகு வாங்கத் தெரிந்தவருக்குப் புதுத் துணி வாங்கத் தெரியாதா?" என்று கேட்டார். பிறகு சிரித்தார். பின்னால் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அது பழைய படகு. என் அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு, வெயில் ஆகாது. அந்தக் கூரை நிழல் இருந்தால்தான் அவரைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போக முடியும். அதனால்தான் இவ்வளவு அலைகிறேன். இது எதுவும் தெரியாமல் ஒருவர் வாய்க்கு வந்ததைப் பேசலாமா? அந்த அழைப்பு பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரக் குரல்தான் முதலில் சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

அதற்கு முன்பு நடந்ததையும் சொல்கிறேன். கீழ் ஓரத்தை மறுபடி மடித்துத் தைத்ததில் பிமினி டாப் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. ஸ்னாப் பட்டன் குமிழ் வரை எட்டவில்லை. "இழுத்துப் போடுங்கள், துணி நீண்டு கொடுக்கும்" என்றார்கள். இழுத்தால் பட்டனைச் சுற்றிக் கிழியும். சட்டத்தோடு வந்தால் பொருத்திப் பார்த்துச் சரிசெய்கிறோம் என்று புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னதும் நீங்கள்தான். சட்டத்தை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, எவர்சில்வர் குழாய்களை வண்டியின் மேல் கட்டி, வேலைக்கு விடுப்புப் போட்டு, இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்தேன். வாசலில் இருந்தவர் சொன்னது: "புதன்கிழமைகளில் அளவெடுப்பவர் வரமாட்டாரே." உள்ளே விடவே இல்லை. குழாய்களோடு அப்படியே திரும்பினேன். வழியில் கயிறு தளர்ந்து ஒரு வளைவில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

கவரின் ஒட்டு இன்னும் மோசம். சதுரமாக வெட்டிய துண்டு, வெளிப்பக்கம் மட்டும். மூலையை வட்டமாக வெட்டியிருந்தால் இப்படித் தூக்கிக்கொண்டு நிற்குமா? சூட்டுக் கத்தியால் வெட்டாமல் கத்தரியால் வெட்டியதால் ஓரமெல்லாம் நூல் பிரிகிறது. துணி முழுக்க முதலில் நீர்விலக்கியைத் தெளித்துவிட்டு, அதன் மேல் பசை தடவி ஒட்டி, சுற்றிலும் ஒற்றைத் தையல் போட்டிருக்கிறார்கள். பசை பிடிக்குமா? உள்பக்கமும் ஒரு துண்டு வைத்து, இரட்டைத் தையல் போட்டு, கடைசியில் நீர்விலக்கி அடித்திருக்க வேண்டும். இது எனக்கே தெரிகிறது. உங்களிடம் இருபது வருட அனுபவம் என்று பலகை வைத்திருக்கிறீர்கள்.

விளைவு என்ன தெரியுமா? மழைத் தண்ணீர் ஒட்டின் மேல் தேங்கி, தையல் ஓட்டை வழியே இறங்கி, இருக்கை மெத்தை ஊறி, பூஞ்சை பிடித்துவிட்டது. தரைப் பலகை உப்பிவிட்டது. இந்தப் பருவம் முழுக்க ஒரு நாள்கூட நிம்மதியாகப் படகை எடுக்கவில்லை. படகே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் கடைசிப் பதிலில், துணிக்கு மட்டும்தான் உத்தரவாதம், தையல் கூலிக்கும் நூலுக்கும் கிடையாது என்கிறீர்கள். துணியின் பழைய உத்தரவாதத்தை நான் கேட்கவே இல்லை. ஐந்து மாதம் முன்பு பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பற்றித்தான் கேட்கிறேன். பழுதுப் பிரிவைக் கேட்டால் உத்தரவாதப் பிரிவைக் கைகாட்டுகிறார்கள், அவர்களைக் கேட்டால் தொழிற்சாலையைக் காட்டுகிறார்கள், தொழிற்சாலையில் யாரும் போனையே எடுப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் துணி நல்ல துணி, அதைத் தைத்த பழைய கைகளும் நல்ல கைகள். முதல் முறை போட்ட தையல் எட்டு வருடம் அசையவில்லை. அதே வேலையைத் திரும்பச் செய்து தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். வெயில் தாங்கும் நூலில் முழு மறுதையல், குறைந்த இரண்டு சென்டிமீட்டரைத் திரும்பச் சேர்ப்பது, புது ஜன்னல் திரை, கவருக்கு ஒழுங்கான ஒட்டு, இவை கூலியில்லாமல் வேண்டும். மெத்தைக்கான செலவும் வேண்டும். போனில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பதினைந்து நாள் தருகிறேன். அதற்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அறுந்த நூல், மடிப்பு விழுந்த திரையின் படங்கள், ரசீது, ஏழு கடிதங்களின் நகல் எல்லாம் கோப்பில் தயாராக இருக்கின்றன. அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

சரி, கடைசியாகச் சில வேண்டுகோள்கள். துணியை எடுத்துப்போக நீங்களே ஆள் அனுப்புங்கள், திரையை உருளையாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே பேசுங்கள், அந்த உத்தரவாதப் பிரிவிலிருந்து யாரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பது வருட வாடிக்கையாளர்