கட்டுப் பிரிக்காத புத்தகங்கள்: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தில் ஏழு மாதங்களாகக் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடக்கும் புதிய நூல்களைப் பற்றி நாங்கள் அளித்த மூன்று மனுக்களும் தங்கள் அலுவலகத்தில் இருக்கும் என்பதால், பழங்கதையை மீண்டும் விரிக்கப் போவதில்லை. சென்ற சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், அங்கே இரவல் வாங்கிய ஒரு நாவலின் முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகத்தைக் கேட்டாள். அது நூலகத்தில் இருக்கிறது. நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில், சணல் கயிறு போட்டுத் தரையில் அடுக்கிய கட்டுகளில் ஒன்றில், மேலிருந்து நான்காவதாக இருக்கிறது. குனிந்தால் முதுகில் உள்ள பெயரைப் படிக்கவும் முடிகிறது. “பதிவேட்டில் ஏற்றி எண் போட்டால்தான் சார் கொடுக்க முடியும்” என்றார் நூலகர். பக்கத்து ஊர் நூலகத்தையும் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் அவரை நான் குறை சொல்லவில்லை. என் மகள் தரையில் உட்கார்ந்து, கயிற்றுக்கு இடையே விரலை நுழைத்து, அட்டையைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தாள். கடையில் அந்த நூலின் விலை 480 ரூபாய்.

நான் தனியார் பள்ளி ஆசிரியன். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து மாதம் ஏழெட்டு நூல்களாவது படிக்கிறோம். அத்தனையையும் விலைக்கு வாங்குவதென்றால் எங்கள் அரிசிச் செலவை அது தாண்டிவிடும். அதற்காக இலவசமாகக் கேட்பதாகவும் எண்ண வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியை ஆண்டு தவறாமல் கட்டி வருகிறோம். ஏற்கெனவே பணம் கொடுத்த நூலை எங்கள் கையில் தாருங்கள் என்பதே கோரிக்கை.

ஆகஸ்ட் 12 அன்று, சீர்காழியில் பிறந்த நூலக மேதை அரங்கநாதனின் படத்துக்கு அதே அறையில் மாலை போட்டோம். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று 1931இல் விதி வகுத்தவர் அவர். மாலையிட வந்தவர்களின் கைப்பைகளைத் தாங்கிக்கொண்டு அந்தக் கட்டுகளும் விழாவில் கலந்துகொண்டன. சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் மாடி மாடியாக நூலகங்கள் எழுந்ததில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஒரு நாவலின் இரண்டாம் பாகத்துக்காக மதுரைக்குப் பேருந்து ஏறினால், கடையில் வாங்குவதே மலிவு. கட்டடம் திறக்க அமைச்சர்கள் வருகிறார்கள், கட்டைத் திறக்க ஒரு கத்தரிக்கோல்கூட வரவில்லை.

வரம்பு மீறி எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பதிவேட்டில் ஏற்றும் வேலைக்கு மாவட்ட மைய நூலகத்திலிருந்து ஒரே ஒரு பணியாளரை ஒரு வாரத்துக்கு அனுப்பிவைத்து, அந்த நூல்களை இரவலுக்குத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரும் வர இயலாதெனில், நூலகர் முன்னிலையில் முத்திரை குத்தவும் எண் எழுதவும் வாசகர்களாகிய நாங்களே வருகிறோம்; அதற்கு அனுமதி தந்தாலும் போதும். முதல் பாகத்தை இருமுறை புதுப்பித்தாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை அதைத் திருப்பித் தர வருவோம்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்