குழாயை இப்போதே கழற்றாதே

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. வீடு புதுப்பிக்கும் வேலை முடிந்து அம்மாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. விரல் மூட்டு வலிக்கிறவர்களுக்குக் கையைக் காட்டினாலே தண்ணீர் வருவது எவ்வளவு பெரிய உதவி! அதனால் சென்சார் குழாயைக் கழற்றிப் பழைய மாதிரி போடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வை. பாத்திரத்தைக் கண்டு தானே திறப்பது, ஒழுகுவது, பேட்டரி சீக்கிரம் தீர்வது என்று நீ சொன்ன மூன்று குறையும் தீரக்கூடியவைதான்.

எவர்சில்வர் குண்டானைக் கண்டால் தானே திறந்துகொள்கிறது என்கிறாய். குழாயில் சென்சாராக இருக்கும் அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணுக்குக் கை எது, குண்டான் எது என்று தெரியாது. அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அனுப்பும். போதுமான ஒளி திரும்பி வந்தால் வால்வைத் திறக்கும், அவ்வளவுதான். துலக்கிய எவர்சில்வர் தூரத்திலிருந்தே நிறையத் திருப்பி அனுப்பும். கறுத்த தோசைக்கல் அதை விழுங்கிவிடும். அதைக் கிட்டே கொண்டுபோனாலும் கண் சில நேரம் சும்மா இருக்கும். நம் சமையலறையில் இரண்டுமே புழங்குவதால், உணரும் தூரத்தைக் குறைப்பதுதான் வழி. இப்போது ஒரு சாண் இருந்தால் நாலு விரலுக்குக் கொண்டு வா. சில மாடல்களில் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சின்னத் திருகு இருக்கும், சிலவற்றில் பேட்டரி போட்டதும் கையை வைத்துப் பிடித்து மாற்ற வேண்டும். கையேட்டைப் பார். பேட்டரி போட்ட முதல் சில விநாடிகளில் பல குழாய்கள் சுற்றுப்புறத்தை அளந்துகொள்ளும். அப்போது சிங்க்கில் பாத்திரம் கிடந்தால் அளவு தப்பிவிடும்.

அந்தக் கண்ணை மூடியிருக்கும் கண்ணாடியையும் பார். தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் படிந்து மெல்லிய ஏடு மாதிரி நிற்கும். பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய துணி, போதும். நாரால் தேய்க்காதே, கீறல் விழுந்தால் ஒளி சிதறும், அந்தக் கீறல் போகவே போகாது. சாயங்கால வெயில் நேராக அடித்தாலும் கண் குழம்பும். திரையை இறக்கிவிடு.

அடுத்தது, நூல் மாதிரி ஒழுகிக்கொண்டே இருப்பது. இதற்குக் கண் காரணமில்லை. உள்ளே மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வில் ஒரு ரப்பர் சவ்வு, அதில் குண்டூசி முனை அளவு ஒரு துளை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் சவ்வின் மேல்பக்கம் போய் அழுத்தினால்தான் குழாய் மூடும். புதுப்பிப்பு வேலையில் குழாய்க்குள் விழுந்த சிமெண்ட் தூளோ டேப் துணுக்கோ அந்தத் துளையை அடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. கீழே தண்ணீரை நிறுத்தும் இரண்டு ஸ்டாப் வால்வையும் மூடி, குழாயின் கைப்பிடியைத் திறந்து, கண்ணுக்குக் கையைக் காட்டி மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுப் பேட்டரியை எடு. பிறகு வால்வின் திருகுகளைக் கழற்று. ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் படம் எடுத்துக்கொள். சவ்வை ஓடும் தண்ணீரில் அலசு. ஊசி விட்டுக் குத்தாதே, துளை பெரிதானால் மூடுகிற விதமே மாறிவிடும். வால்வுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வலையையும் கழுவு. திரும்ப மாட்டும் முன் ஹோஸை வாளிக்குள் விட்டு ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிடு. இதைத் தவறவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

அப்படியும் நிற்காவிட்டால் அழுத்தத்தைச் சந்தேகி. நீ இருப்பது மேல்மாடி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் என்றால், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். குழாய்க்கு 0.5 பார் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தால், தொட்டி குறைந்தது 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும்.

பேட்டரி இரண்டு மாதத்தில் தீர்வதற்கு முதல் குறைதான் பாதிக் காரணம். இந்த வகை வால்வு திறக்கும் கணத்திலும் மூடும் கணத்திலும்தான் மின்சாரம் இழுக்கும். குண்டானைப் பார்த்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் செலவு. நான்கு ஏஏ ஆல்கலைன் சேர்ந்தால் 6 வோல்ட். நீ போட்டிருக்கும் ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், நான்கும் சேர்ந்து 4.8தான், குழாய் சீக்கிரமே சிவப்பு விளக்கு காட்டும். புதிதையும் பழையதையும் கலக்காதே. பெட்டியைத் தரையில் விடாமல் சுவரில் மாட்டு, ஈரத்தில் முனைகள் பச்சை பூத்துவிடும்.

காசுக் கணக்கு கேட்டிருந்தாய். தண்ணீர்ச் சிக்கன முத்திரையில் இரண்டு டிக் வாங்கிய குழாய் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டருக்கு மேல் போகாது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் ஒரு கன மீட்டர் தண்ணீர் 3.24 வெள்ளி, அப்படியானால் ஒரு நிமிடம் வீணாக ஓடினால் இரண்டு காசு. பில் ஏறியதற்கு அது மட்டும் காரணமாக இருக்காது. இரவு முழுக்க ஒழுகுவதுதான் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய். சென்சார் திறக்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தச் சூட்டில்தான் தண்ணீர் வரும். ஹீட்டர் போட்டிருக்கும் வீடு, அம்மா கையை நீட்டிவிடுவார்கள். புழங்கி முடித்ததும் கைப்பிடியைக் குளிர்ந்த பக்கம் திருப்பிவிட எல்லாரிடமும் சொல். சிங்க்கைத் தேய்த்துக் கழுவும்போது கைப்பிடியையே மூடிவிடு.

வால்வின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. அளவு தெரிந்தால் சவ்வு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி