பழைய குப்பிகள் சொன்ன சாட்சி

காரைக்குடி

அன்புள்ள சிதம்பரம்,

நலம், நலமறிய அவா. மகள் பேறுகாலத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பேரனுக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்று. போலியோ மருந்தால்தான் எய்ட்ஸ் பரவியதா என்று நீ கேட்டிருந்ததை அவளும் படித்தாள். ஆகவே இது இருவருக்குமான பதில்.

1957 முதல் பெல்ஜிய காங்கோவில் லட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கப்பட்ட, ஹிலாரி கொப்ரவ்ஸ்கி என்ற ஆய்வாளரின் ‘சாட்’ என்ற போலியோ சொட்டு மருந்து சிம்பன்ஸியின் சிறுநீரகத் திசுவில் வளர்க்கப்பட்டது, அதிலிருந்த வைரஸே எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. ஆயிற்று என்பது குற்றச்சாட்டு. இதை வதந்தி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ரீசஸ் குரங்கின் சிறுநீரகத் திசுவில் தயாரித்த போலியோ மருந்தில் எஸ்.வி.40 என்ற வைரஸ் கலந்திருந்தது 1960இல் வெளிப்பட்டது. ஊசி மருந்தில் வைரஸைக் கொல்லச் சேர்த்த ஃபார்மலின் என்ற ரசாயனத்துக்கும் அது முழுவதும் சாகவில்லை.

கொப்ரவ்ஸ்கி பணியாற்றிய, பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் உறையவைத்துக் காத்திருந்த பழைய ‘சாட்’ மருந்து, லைப்சிக், பாரிஸ் உள்ளிட்ட இடங்களின் ஆய்வகங்களுக்குச் சென்றது. 2000 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் முடிவைச் சொன்னார்கள்: எச்.ஐ.வி. இல்லை, சிம்பன்ஸியின் டி.என்.ஏ.வும் இல்லை, மகாக் குரங்கின் (ரீசஸும் இந்த இனம்தான்) டி.என்.ஏ. இருந்தது. என்னை நம்பவைத்தது இந்தக் கடைசிச் செய்திதான். எந்த விலங்கின் திசு என்பதை நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் குப்பி காட்டிக்கொடுத்ததென்றால், சிம்பன்ஸியின் தடயம் அழிந்துபோயிருக்கும் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆயினும், காங்கோவிலேயே பெருக்கிய மருந்து வேறு என்று இந்த முடிவை மறுத்தவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. தலைமைக் கடையின் ஐந்தொகை சரியாக இருப்பதால் ரங்கூன் கடைக் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுவார்களா நம் ஐயாக்கள்?

அந்தக் குறையைத் தீர்த்தது வைரஸின் வம்சாவளி. குற்றச்சாட்டில் சொல்லப்பட்ட, காங்கோவின் கிசங்கானிப் பகுதிச் சிம்பன்ஸிகளின் வைரஸ், உலகெங்கும் பரவிய வகையான எச்.ஐ.வி.1இலிருந்து விலகிய தனிக் கிளை என்று 2004இல் தெரிந்தது. நெருங்கிய உறவு, தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்ஸிகளிடம் 2006இல் கிடைத்தது. காங்கோவின் கின்ஷாசா நகரில் 1959இலும் 1960இலும் மனிதர்களிடம் எடுத்த எச்.ஐ.வி. மாதிரிகளை ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, இவற்றின் பொது மூதாதையை 1884க்கும் 1924க்கும் இடையில் வைத்தது. அப்போது போலியோ மருந்தே பிறக்கவில்லை.

உன் மருமகன் மருந்து ஆய்வகத்தில்தானே இருக்கிறார்? இப்போது ஒவ்வொரு தொகுதித் தடுப்பூசியிலும் மாதிரியை எத்தனை காலம் காத்து வைக்கிறார்கள் என்று கேட்டு எழுது. மகளும் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாள்.

என்றும் அன்புடன்,
அழகப்பன்