பூக்கார அம்மாவுக்கு நன்றி

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் பூ விற்ற அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

என்னுடன் இருந்தவள் மணிப்பூர்க்காரி. ஒரே வார்டில் இருவரும் செவிலியர்கள். எதிரில் இருந்த பெண்மணி அவளைச் "சீனாக்காரி" என்று சொல்லித் தள்ளி உட்காரச் சொன்னார். தோழிக்குத் தமிழ் நன்றாகவே புரியும். புரியாதவள்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். 2014-இல் தில்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் மரணம் இப்படியொரு கேலியில்தான் தொடங்கியது. அந்தப் பயம் அவளுக்கு இன்னும் உண்டு. நானோ வாயடைத்துப்போய் இருந்தேன். அது என்னை இன்னமும் உறுத்துகிறது.

நீங்கள் கூடையை இறக்கி வைத்தீர்கள். "நான் ரங்கூனில் பிறந்தவள். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் கப்பலேறி வந்தோம். அங்கே எங்களை அந்நியர் என்று இழித்துக் 'கலா' என்றார்கள், இங்கே 'பர்மாக்காரி' என்றார்கள். அந்தச் சொல் எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும், தாயி" என்றீர்கள். குரல் உயரவே இல்லை. மாம்பலம் வரை பெட்டியில் யாரும் பேசவில்லை.

பிறகு ஒரு முழம் மல்லிகையை அளந்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்து, அவள் கொண்டையில் வைத்துவிட்டீர்கள். காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டுச் சைதாப்பேட்டையில் இறங்கிவிட்டீர்கள்.

மறுநாள் காலை, வாடிய அந்தச் சரத்தோடுதான் அவள் பணிக்கு வந்தாள்.