காபரேட்டரா, இன்ஜெக்சனா? பழைய கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

திருகோணமலை

அன்புடையீர்,

மொரிஸ் மைனர், ஒஸ்டின், பீட்டில் வைத்திருக்கும் பலர் இப்போது ஒரே கேள்வியோடுதான் கராஜுக்கு வருகிறீர்கள்: காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிவிட்டு, கொம்பியூட்டர் கட்டுப்பாட்டில் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்சன் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த எண்ணத்தைக் கிளப்பும் கோளாறு பெரும்பாலும் தேய்ந்த காபரேட்டரில்தான் இருக்கும். அதைச் சரிசெய்யும் செலவு இன்ஜெக்சன் செலவில் சிறு பங்குதான்.

மைனரில் இருக்கும் எஸ்யூ கம்பனிக் காபரேட்டரையே எடுத்துக்கொள்வோம். அக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், அதாவது ஐட்லிங், ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், பெற்றோல் வரும் துளையான ஜெட்டை உடனே திருகத் தொடங்காதீர்கள். அக்சிலரேட்டரோடு அசையும் த்ரொட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த இடைவெளியால் கள்ளக் காற்று உள்ளே போகிறது. தண்டையும் அதைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றாமல் எவ்வளவு டியூன் பண்ணினாலும் ஒரு கிழமைகூட நிற்காது.

அக்சிலரேட்டரை மிதித்ததும் கார் ஒருகணம் திக்கினால், காபரேட்டரின் மேல் மூடியைக் கழற்றி, உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனின் ஓட்டத்தை அடக்கும் டாம்பர் ஒயிலைப் பாருங்கள். எஸ்ஏஈ 20 போதும். மூடியைத் திரும்ப இறக்கும்போது, அது உட்காருவதற்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் இருக்கையிலேயே கைக்குத் தடை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒயில் குறைவு. ஆனால் பிஸ்டனின் வெளிப்புறத்திலோ அது ஓடும் கிண்ணத்திலோ ஒயிலோ கிறீஸோ பூசக்கூடாது. தூசி ஒட்டி பிஸ்டன் இறுகிவிடும்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் ஜெட். பிஸ்டனுக்குக் கீழே காற்றுவழியின் தளமாக இருக்கும் பாலத்தின் மட்டத்துக்கு அதை ஏற்றி, அங்கிருந்து நட்டின் 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கினால் தொடக்க நிலை. எஞ்சின் நன்றாகச் சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவு உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் சோர்ந்து நிற்கப் பார்த்தால் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் ஓடிவருபவர்கள் இதை மாத்திரம் செய்துகொண்டாலே பாதிக் கவலை தீரும்.

இன்ஜெக்சனுக்கு நியாயமான காரணங்களும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கை எஞ்சின் அறைக்குள் தேங்கி, காரை நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில் காபரேட்டர்க் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து ஆவியாகிறது. சூட்டில் ஸ்டார்ட் பிடிக்காமல் போவது இதனால்தான். அப்போது, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுக்காமல், அக்சிலரேட்டரை முழுக்க அமுக்கியபடி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். இன்ஜெக்சனில் பெற்றோல் 43 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தில் நிற்பதால் இலகுவில் கொதிக்காது. மற்றது மலை: ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிவதால் காபரேட்டர் பெற்றோலை அதிகமாகக் கொடுக்கும், இன்ஜெக்சன் அதைத் தானே திருத்திக்கொள்ளும். பழைய காருக்கு இது அவமரியாதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் விற்ற பீட்டிலுக்கு 1975 மொடலிலிருந்து வொக்ஸ்வேகனே இன்ஜெக்சன் போட்டது.

பிழை வருவது அரைகுறை வேலையில். எஸ்யூ பம்ப் தருவது இரண்டு மூன்று பிஎஸ்ஐ மட்டுமே. அதற்குப் போட்ட சாதாரணக் குழாயில் 43 பிஎஸ்ஐ விட்டால் குழாய் வெடித்துச் சூடான சைலன்சர்க் குழாயில் பெற்றோல் பீய்ச்சும். இன்ஜெக்சன் அழுத்தத்தைத் தாங்கும் ஆர்9 தரக் குழாயும் அதற்குரிய கிளிப்பும் இல்லாத வேலையை நாங்கள் கையேற்பதில்லை. பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் தனிக் குழாயும் வேண்டும். துருப்பிடித்த தாங்கியை வைத்துக்கொண்டு புதுப் பம்ப் வாங்குவது காசைக் கடலில் போடுவதுதான்: பம்புக்கு முன் 100 மைக்ரோன், பின் 10 மைக்ரோன் பில்டர் போட்டாலும் துரு அடைத்துவிடும். தாங்கிக்குள் தடுப்பு இல்லாவிட்டால், பெற்றோல் குறைவாக இருக்கும்போது வளைவில் பம்ப் காற்றை இழுத்து எஞ்சின் அணையும்.

அடுத்தது மின்சாரம். பழைய லூக்கஸ் சி40 டைனமோ தருவது அதிகபட்சம் 22 அம்பியர். ஐட்லிங்கில் அனேகமாக ஒன்றுமில்லை. பம்ப் மாத்திரமே ஐந்தாறு அம்பியர் இழுக்கும், இரவில் ஹெட்லைட்டும் சேரும். ஆகவே ஓல்டர்னேட்டர் கட்டாயம். பற்றரியின் பொசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைத்த பொசிட்டிவ் எர்த் காரை நெகட்டிவுக்கு மாற்றவும் வேண்டும். இன்ஜெக்சனை இயக்கும் கொம்பியூட்டர்ப் பெட்டியை எஞ்சின் அறையில் வைக்க விடாதீர்கள். உப்புக்காற்றில் இணைப்புப் பின்கள் பச்சை பிடித்துவிடும். டாஷ்போர்டுக்கு அடியில் உலர்ந்த இடமே அதற்கு ஏற்றது.

கடைத்தெரு, உப்புவெளி, ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி, இவ்வளவுதான் உங்கள் ஓட்டமென்றால் காபரேட்டரே போதும். ஹபரண வீதியில் யானை நடமாடும் நேரத்தில் கார் நின்றால், ஸ்குரூ டிரைவரோடு முடியும் வேலையா என்பதும் யோசிக்க வேண்டியதுதான். கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் அடிக்கடி போகிறவர், தாங்கி முதல் ஓல்டர்னேட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்ய ஆயத்தமென்றால், காற்றை அளந்து விடும் த்ரொட்டில் பொடி (throttle body) என்ற பாகத்தோடு வரும் இன்ஜெக்சனைச் சிபாரிசு செய்வோம்.

வேலைக்குக் கொண்டுவரும்போது தாங்கியில் இரண்டு மூன்று லீற்றருக்கு மேல் பெற்றோல் வேண்டாம். அதை இறக்க வேண்டியிருக்கும். கழற்றும் காபரேட்டரையும் மனிஃபோல்டையும் பழைய பம்பையும் பெட்டியில் போட்டு உங்களிடமே தருவோம். அவற்றை விற்றுவிடாதீர்கள். பிறகு காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.

இங்ஙனம்,
கராஜ் பணியாளர்கள்